இமெல்டா சொன்னால் நம்பலாம்

கூலம்பின் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் இமெல்டா ஹானிகனுக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லாமல் இருந்ததில்லை. முர்ரே ஆற்றங்கரை ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் பிள்ளைகளை ஏற்றிப்போய், சாயங்காலம் தலை எண்ணி இறக்கிவிடுகிறவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றுபோயிருக்கிறது என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவள் அபிப்பிராயம் எதுவும் ஓட்டுநர் இருக்கையைத் தாண்டிப் போனதில்லை. ஐம்பத்தாறு வயதில்தான் போயிற்று. போனது வானொலி வழியாக.

ஒரு திங்கட்கிழமை காலை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தோடு திரும்பிக்கொண்டிருந்தாள். ஆற்றோர வானொலியில் உள்ளூர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நகர மண்டபத்தில் நடந்த ஊர் பேண்டுக் குழுவின் கச்சேரி, வந்திருந்தவர்களை மெய்மறக்கச் செய்ததாம். இமெல்டா பிரேக்கை மிதித்தாள். அந்தக் கச்சேரியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போக வேண்டியவள் நூலகத்தின் முன்னால் பேருந்தை நிறுத்தினாள். நூலகத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள்தான் அந்த அரசு வானொலி நிலையம்.

"சனிக்கெழமை கச்சேரிக்கு உங்கள்ல யாரு வந்திருந்தீங்க?" என்று கதவைத் திறந்ததுமே கேட்டாள்.

மேசையில் இருந்தவர் ரெனாத்தோ பசீலே. திராட்சைத் தோட்டக்கார இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. நிலையத்தின் பொறுப்பாளர் அவர்தான், காலை அறிவிப்பாளரும் அவர்தான், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

"யாரும் வரலைங்க. பேண்டுச் செயலாளர் எழுதி அனுப்பினதைப் படிச்சேன்."

"மெய்மறந்தாங்களாமே! எனக்கு முன்வரிசையில ஏழு பேரு இருந்தாங்க. இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு தூங்கிட்டாரு. டிரம்பெட் ஒரு பக்கம் போகுது, டிரம் ஒரு பக்கம் போகுது. எங்கப்பா அதே பேண்டுல முப்பது வருஷம் வாசிச்சவரு. இருந்திருந்தா மேடைக்கே போய் டிரம்பெட்டைப் புடுங்கியிருப்பாரு."

ரெனாத்தோ சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எங்கள்ட்ட ஆள் இல்லைங்க. சுத்துப்பட்டுல ஒம்பது ஊரு. ஒவ்வொரு ஊருலயும் நாடகம், கண்காட்சி, பாட்டுன்னு ஏதாவது நடக்குது. போய்ப் பாக்க யாரு இருக்கா? அனுப்பறதைப் படிக்கிறோம்."

"பாக்காததைப் பாத்த மாதிரி சொல்றதுக்கு பேரு என்ன?"

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு, "நீங்க பாத்துட்டுத்தானே வந்திருக்கீங்க, இப்ப எங்கிட்ட சொன்னதை மைக்குல சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"சொன்னா என்னவாம்?" என்றாள் இமெல்டா.

அப்படி ஆரம்பித்ததுதான் வியாழக்கிழமை பத்தேகாலுக்கு வரும் அந்தப் பதினைந்து நிமிஷம். காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் இடையே அவளுக்கு ஒழிந்த நேரம் அது. அவள் கணவன் டெஸ், தோப்புகளின் பாசனப் பம்புகளைப் பழுதுபார்க்கிறவன், சேதியைக் கேட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னான்: "நல்லதாப் போச்சு. இத்தனை வருஷம் நான் ஒருத்தனாக் கேட்டேன். இனிமே மாவட்டமே பங்கு போட்டுக்கட்டும்."

இமெல்டா எல்லாவற்றுக்கும் போனாள். தண்ணீர்த் தொட்டியில் பெலிக்கன் பறவைகளை வரைந்துகொண்டிருந்த ஓவியனைப் பார்க்க ஏணியில் பாதி தூரம் ஏறினாள். மதுக்கடைப் பின்கட்டில் கவிதை வாசிப்பு, பக்கத்து ஊர்ப் பள்ளியின் நாடகம், ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சி, எதையும் விடவில்லை. எங்கே போனாலும் மூன்றாவது வரிசையில் ஓரத்து இருக்கை. பேருந்துத் தடத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறிப்பு. கடைசிவரை உட்கார்ந்திருக்காமல் எதைப் பற்றியும் பேசக் கூடாது என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம். கலைச் சொற்களெல்லாம் அவளுக்குத் தெரியாது. கண்டதையும் கேட்டதையும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். முதல் இரண்டு மாதம் யாருக்கும் வலிக்கவில்லை.

மே மாதம் இசை நாடகச் சங்கத்தின் வருஷாந்திர நாடகம் வந்தது. கூலம்பினில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த விசேஷம் அதுதான். அந்த வருஷம் ஒரு மாலுமியின் காதல் கதை. மாலுமிக்கு இருபத்தைந்து வயது. அந்த வேஷம் கட்டியவர் கிரஹாம் டக்வெல். அவருக்கு அறுபத்தொன்று. இரும்புச் சாமான் கடைக்காரர், சங்கத்தின் தலைவர், தொடர்ந்து பத்தொன்பது வருஷமாகக் கதாநாயகன். மனுஷர் தங்கமானவர். வெள்ளம் வந்தபோது மணல் மூட்டை சுமந்ததில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால்தானோ என்னவோ, பத்தொன்பது வருஷமாக அவரிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை.

இமெல்டா வியாழக்கிழமை சொன்னாள்.

"கிரஹாம் டக்வெல்லை எனக்குப் புடிக்கும். ஞாயித்துக்கெழமை எங்க கூரை ஒழுகினப்போ கடையத் தொறந்து ஆணி குடுத்தவரு. ஆனா அவரு இருபத்தஞ்சு வயசு மாலுமி இல்ல. காதலி முன்னாடி மண்டி போட்டாரு, எழுந்திரிக்க அவளே கை குடுக்க வேண்டியதாப் போச்சு. பாட்டுல மேல போற இடம் வந்தா, துருப்பிடிச்ச கேட்டைத் தொறக்கிற மாதிரி இருந்துச்சு. அதே நாடகத்துல, மீன்காரியா நாலு வரி பாடின பொண்ணு ஒண்ணு இருக்கா. மருந்துக்கடையில வேலை செய்யறவ. அந்த நாலு வரிக்கு நான் நிமிந்து உக்காந்தேன். பியானோக்காரம்மா ரெண்டு எடத்துல மொத்த நாடகத்தையும் காப்பாத்தினாங்க. மேடைக்குப் பின்னாடி இருந்த கடல், நெசக் கடல் மாதிரியே இருந்துச்சு. அதை வரைஞ்சவங்களுக்குக் கை குடுக்கணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெனாத்தோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் நாற்பத்தொரு தொலைபேசி அழைப்புகள். கடலைப் பற்றியும் பியானோவைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. எல்லாம் கேட்டைப் பற்றித்தான். மறுநாள் காலை பேருந்தின் பின்பக்கத் தூசியில் யாரோ விரலால் 'வாயை மூடு' என்று எழுதியிருந்தார்கள். பேக்கரியில் அவளுக்கு மட்டும் முந்தின நாள் சுட்ட, இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் சூடாக்கிக் கொடுக்கப்பட்டது. பேரங்காடியில் பாலாடைக்கட்டி வரிசையில் கிரஹாமின் மனைவி பாலின் அவளை மறித்துக்கொண்டாள்.

"பஸ்ஸு ஓட்டறவளுக்கு ரோட்டைப் பாத்து ஓட்டத் தெரிஞ்சாப் போதாதா கண்ணு? மேடையையும் பாக்கணுமா?"

"டிக்கெட் வாங்கினேன் பாலின். கண்ணை மூடிட்டுப் பாக்கணும்னு அதுல எழுதல."

"அவரு சாப்பிடலை தெரியுமா, ரெண்டு நாளா?"

இமெல்டா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பாலாடைக்கட்டியை எடுக்காமலே வந்துவிட்டாள்.

ரெனாத்தோ மறுவாரம் தயங்கித் தயங்கிச் சொன்னார். இதற்குள் அவர்கள் ஒருமையில் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தார்கள். "ஒரு சின்ன மன்னிப்பு கேட்டுட்டாத் தேவலை இல்லையா, இமெல்டா? ஊரு கொஞ்சம் ஆறும்."

"நான் சொன்னதுல எது பொய்?"

"எதுவும் பொய் இல்ல."

"அப்போ எதுக்கு மன்னிப்பு? சரி, அந்தப் பதிவை ஒரு தடவை போடு. கேட்டுப் பாக்கறேன்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் குரலைத் தானே கேட்டாள். வயதைப் பற்றிச் சொன்னது சரி. மண்டியிட்டது நடந்தது. 'துருப்பிடிச்ச கேட்டு' என்ற இடம் வந்ததும் அவள் முகம் மாறியது. திருப்பிப் போடச் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு முன்னால் அவள் குரலில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்து, அதற்காகக் காத்திருக்கிற இடைவெளி. அவர் பாட்டைப் பற்றி மக்களுக்குச் சொல்வதற்காக வந்த சொல் இல்லை அது. தன் சாமர்த்தியத்தைக் காட்ட வந்த சொல். பேருந்தில் ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்து இப்படிப் பேசியிருந்தால் வண்டியை ஓரங்கட்டியிருப்பாள்.

அந்த வியாழக்கிழமை ஒலிபரப்பில் முதல் வார்த்தையே அதுதான். "போன வாரம் ஒரு உவமை சொன்னேன். துருப்பிடிச்ச கேட்டு. அதை நீங்க சிரிக்கணும்னு சொன்னேன், கிரஹாமுக்காகவோ உங்களுக்காகவோ சொல்லல. அது தப்பு. அதைத் திருப்பி எடுத்துக்கறேன். மேல் சுரத்துல அவருக்குக் குரல் எட்டலங்கறதைத் திருப்பி எடுத்துக்கல. அது அப்படியே இருக்கட்டும்."

ஊர் ஆறவில்லை. இருந்தாலும் பேக்கரிக்காரி அன்றைக்குச் சுட்ட பலகாரத்தைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அழைப்பிதழ்கள் குறைந்தன. இமெல்டா காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். நன்றாக இருந்ததை நன்றாக இருக்கிறது என்றாள். சுமாரானதைச் சுமார் என்றாள், ஏன் என்றும் சொன்னாள். போர்வைக் கண்காட்சியில் பரிசு வாங்கியதை விட்டுவிட்டு மூலையில் தொங்கிய ஒரு நீலப் போர்வையைப் பற்றி ஏழு நிமிஷம் பேசினாள். அடுத்த நாள் அந்தப் போர்வையைப் பார்க்க அறுபது மைல் தள்ளியிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சத்தம் போட்டுத் திட்டியவர்களும் வியாழக்கிழமை பத்தேகாலுக்கு டிராக்டரை நிறுத்துகிறார்கள் என்று டெஸ் சொன்னான். பம்பு பார்க்கப் போகிற தோப்பிலெல்லாம் அவனுக்கு அது காதில் விழுந்தது.

ஆகஸ்டு மாதம், ஆரஞ்சு அறுவடை மும்முரத்தில், ஒரு காலை மெலெசீனி வந்தாள். பழம் பொதியும் கூடத்தில் மேற்பார்வைக்காரி. தொங்கா தீவிலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் அண்ணன் மகள்கள் இருவர் இமெல்டாவின் பேருந்தில்தான் பள்ளிக்குப் போனார்கள். பேருந்துக் கதவு திறந்ததும் பெண்கள் ஏறினார்கள். மெலெசீனி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் நின்றால் கதவு மூடாது. அவ்வளவு ஆகிருதி.

"எல்லா ஊருக்கும் போற. எல்லாத்தையும் கேக்கற. எங்க பாட்டைக் கேக்க மட்டும் ஏன் வரல?"

"நீங்க கூப்பிடவே இல்லையே" என்றாள் இமெல்டா.

"டக்வெல் உன்னைக் கூப்பிட்டாரா?"

பேருந்தில் இருந்த பெரிய பிள்ளைகள் 'ஓ' என்று கூவினார்கள். இமெல்டாவுக்குக் காது சூடாயிற்று. இருபது வருஷமாக ஞாயிறுதோறும் அந்தத் தொங்கா கிறிஸ்தவச் சபையின் கூடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். பாட்டுச் சத்தம் கேட்டிருக்கிறது. அது தங்களுக்கு இல்லை, அவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் கூலம்பினே அப்படித்தான் நினைத்தது.

"என்னிக்கு ஒத்திகை?"

"செவ்வாய், அஞ்சரைக்கு. பசியோட வா."

ஒரு காலத்தில் பழங்களை டப்பாவில் அடைத்த பழைய ஆலையின் கூடம் அது. தொங்கா சபை அதை வாங்கி வெள்ளையடித்து வைத்திருந்தது. பியானோ இல்லை, எந்த வாத்தியமும் இல்லை. பழம் பறித்த சட்டையோடு அறுபது பேர் நின்றார்கள். மெலெசீனி ஒரு சுரம் மட்டும் மெல்ல முனகிக் காட்டிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

இமெல்டா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அந்த ஒலி முன்னாலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது, நாற்காலிக் கால் வழியாக ஏறியது. பெண்களின் குரல் கத்திபோல் நேராக மேலே போயிற்று. ஆண்களின் குரல் அதன் அடியில் ஆறு மாதிரி விரிந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். அது அவளுடைய சத்தமேதான்.

நான்கு பாட்டு முடிந்தது. மெலெசீனி அவள் எதிரில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு. கிரஹாமுக்குச் சொன்ன மாதிரி நெசத்தைச் சொல்லு."

"இந்த மாதிரி ஒண்ணை நான் பக்கத்துல உக்காந்து கேட்டதே இல்ல."

"அது எனக்கே தெரியும். வேற?"

இமெல்டா கொஞ்சம் தயங்கினாள். விருந்தாளியாக வந்த இடம். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மூணாவது பாட்டுல, கடைசிப் பகுதியில, கீழ்க்குரல் ஆம்பளைங்க அவசரப்படறாங்க. சாப்பாட்டு மணி அடிச்ச மாதிரி."

 மெலெசீனி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பின்வரிசையைப் பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ முழங்கினாள். தடித்த ஆண்கள் இருபது பேர் பள்ளிப் பிள்ளைகள்போல் தரையைப் பார்த்தார்கள்.

"பத்து வருஷமா இதைத்தான் நான் கத்தறேன்! ஒருத்தனும் கேக்கல. பஸ்ஸுக்காரி வந்து சொல்ல வேண்டியிருக்கு. ம், எழுந்திரு, சாப்பிடு."

சேப்பங்கீரையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த மாட்டிறைச்சி. இமெல்டா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். மாத முடிவில் ஒரு ஞாயிறு மதியம் சபையின் வருஷப் பாட்டு விழா என்று சாப்பிடும்போது தெரிந்துகொண்டாள். யார் வருவார்கள் என்று கேட்டதற்கு, "நாங்கதான் பாடுவோம், நாங்கதான் கேப்போம்" என்றாள் மெலெசீனி. "வேற யாரு வருவா?"

அடுத்த ஒத்திகைக்கு ரெனாத்தோவே ஒலிப்பதிவுக் கருவியோடு கூட வந்தார். விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை இமெல்டா மைக்கின் முன் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. ரெண்டு நிமிஷம்தான் நான் பேசுவேன். இந்த வருஷம் நல்லா இல்லாததை நல்லா இல்லன்னு சொன்னேன். அதுக்கு உங்ககிட்ட நல்லா வாங்கியும் கட்டிக்கிட்டேன். இப்ப சொல்றதைக் கேளுங்க. இந்த மாவட்டத்துல இருக்கறதிலேயே சிறந்த பாட்டு, நம்ம டப்பா ஆலைக் கூடத்துல இருபது வருஷமா நடக்குது. கண்ணாடிய ஏத்திட்டுத் தாண்டிப் போனோம். நானுந்தான். ஞாயிறு ரெண்டு மணி. போங்க." அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பதிவு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு இமெல்டாவும் டெஸும் போய்ச் சேர்ந்தபோது கார் நிறுத்த இடமில்லை. சாலையின் இரண்டு பக்கமும் தோப்பு வரப்புவரை வண்டிகள். கூடத்தில் நூற்றெண்பது பேர் உட்காரலாம். வாசலில் மட்டுமே அவ்வளவு பேர் நின்றார்கள். மெலெசீனி நீலப் பட்டுச் சட்டையும், தொங்கா வழக்கப்படி இடுப்பில் சுற்றிய பின்னல் பாயுமாக வாசலில் நின்று, திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவுடன் இமெல்டாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்க! இவங்களை எங்க உக்கார வெக்கறது? எங்க ஆளுங்களுக்கே எடம் இல்ல!"

அப்போதுதான் இரும்புச் சாமான் கடையின் சின்ன லாரி பின்னோக்கி வந்து நின்றது. கிரஹாம் டக்வெல் இறங்கினார். பின்னால் நாடகச் சங்கத்தின் மடக்கு நாற்காலிகள், நூறு இருக்கும். யாரிடமும் எதுவும் கேட்காமல் இரண்டிரண்டாக இறக்க ஆரம்பித்தார். டெஸ் போய் மறுபக்கம் பிடித்தான். கூடத்தின் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து, வெயிலில் புல்தரையில் வரிசை போட்டார்கள். இமெல்டாவும் நான்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். மே மாதத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"இவ்வளவு கூட்டம் வரும்னு உனக்கு எப்படித் தெரியும் கிரஹாம்?"

"நீ நல்லா இருக்குன்னு சொன்ன. நீ சும்மா சொல்றவ இல்லன்னு இந்த ஊருக்குத் தெரியும்." நாற்காலியை விரித்து அழுத்தி உறுதி பார்த்தார். "அவங்களுக்கு அது தெரியறதுக்கு நான்தானே காரணம்? என் தலையில போட்டுத்தானே நிரூபிச்ச."

"கேட்டு வெஷயத்துல நான்..."

"கேட்டேன், கேட்டேன். நீ வாபஸ் வாங்கினதையும் கேட்டேன்." கொஞ்ச நேரம் அடுக்கினார். பிறகு அவளைப் பார்க்காமலே, "மண்டி போட்டா எழுந்திரிக்க முடியலங்கறது நெசந்தான். முட்டியில டாக்டர் ஊசி போட்டாரு. பாலின்கிட்டக்கூட சொல்லல" என்றார்.

இரண்டு மணிக்குப் பாட்டு ஆரம்பமாயிற்று. உள்ளே இருந்தவர்களும் புல்லில் இருந்தவர்களும் அப்படியே அசையாமல் இருந்தார்கள். மூன்றாவது பாட்டின் கடைசிப் பகுதி வந்தபோது மெலெசீனி பின்வரிசையை முறைத்த முறைப்பில், கீழ்க்குரல்கள் ஒன்றாக நடந்து ஒன்றாக நின்றன. பாட்டு முடிந்தது. ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கைதட்டல் வந்தது. நிற்கவே இல்லை. அவர்கள் இரண்டு பாட்டை மறுபடியும் பாட வேண்டியதாயிற்று. குழி அடுப்பிலிருந்து எடுத்த பன்றிக்கறி நானூறு பேருக்கு எப்படிப் போதுமானதாயிற்று என்பது அந்தச் சபைப் பெண்களுக்கே இன்றுவரை புரியவில்லை.

மறுவருஷம் நாடகச் சங்கம் போட்ட நாடகத்தில் கிரஹாம் கதாநாயகியின் தகப்பனாக வந்தார். முக்கால்வாசி நேரம் நாற்காலியில்தான். பாட்டு அவர் குரலுக்குத் தக்கபடி தாழ்ந்த சுரத்தில் ஒன்றே ஒன்று. மகளை வழியனுப்பும் அந்தப் பாட்டைப் பற்றி இமெல்டா ஐந்து நிமிஷம் பேசினாள், ஒரு குறையும் சொல்லாமல். மருந்துக்கடைப் பெண்தான் கதாநாயகி. இரண்டாம் அங்கம் நீளம் என்றும் சொன்னாள். சங்கம் அதில் எட்டு நிமிஷத்தை வெட்டியது.

இப்போது அந்தப் பதினைந்து நிமிஷம் முக்கால் மணி நேரமாகியிருக்கிறது. மாலை ஓட்டத்தை வேறொருவர் பார்க்கிறார். காலை ஓட்டத்தை மட்டும் இமெல்டா விடவில்லை. தலைநகரத்திலிருந்து பெரிய வானொலிக்காரர்கள் கூப்பிட்டார்கள், மாநிலம் முழுவதுக்கும் பேசச் சொன்னார்கள். மாநிலம் முழுவதும் மூன்றாவது வரிசையில் உட்கார முடியாது என்று பதில் எழுதிவிட்டாள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அழைப்பிதழ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலதில் 'தயவுசெய்து வாருங்கள்', சிலதில் 'இரண்டாவது நாள் வாருங்கள், முதல் நாள் வேண்டாம்' என்று எழுதியிருக்கும். முடிந்தவரைக்கும் எல்லாவற்றுக்கும் போகிறாள்.

இதுவரை ஒரே ஒரு அழைப்பைத்தான் மறுத்திருக்கிறாள். போன மாதம் வேளாண் கண்காட்சிக் குழுவின் செயலாளர் நிலையத்துக்கே வந்து, பழக்கேக் போட்டிக்கு நடுவராக இருக்க முடியுமா என்று கேட்டார். முப்பத்திரண்டு பெண்கள், நாலு ஆண்கள் கலந்துகொள்கிறார்கள், நேர்மையான ஆள் தேவை என்றார்.

இமெல்டா பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"பாட்டுன்னா சொல்லுவேன், நாடகம்னா சொல்லுவேன். கேக்குல நெசத்தைச் சொல்லிட்டு இந்த ஊருல உசுரோட இருக்க முடியாது தம்பி. வெளியூரு ஆளாப் பாருங்க. அவரு வந்த காரை ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருக்கச் சொல்லுங்க."